ஒரே ஊரில் ஒரே தொழில் – லாபமா, நட்டமா?

தொழில் பாடம்



நம்ம குழுக்களில் தொழில் கடன் கேட்டு மனு எழுதும்போது ஒரு கேள்வி அடிக்கடி வரும். "அந்த ஊர்ல ஏற்கனவே பத்துப் பேர் அந்தத் தொழிலைப் பண்றாங்களே, நாமும் போய் அதையே ஆரம்பிக்கலாமா? இல்ல, யாருமே பண்ணாத தொழிலாப் பாத்து நம்ம ஊர்ல ஆரம்பிக்கலாமா?"

இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வோம். ஆனால் கடன் வாங்கிய பிறகு இந்தக் கேள்வியை யோசித்தால் தவணை நிற்காது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே இதைப் புரிந்துகொள்வது நல்லது. இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான்.

நம் மாநிலத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே தொழில் ஞாபகம் வரும். திருப்பூர் என்றால் பனியன். சிவகாசி என்றால் தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர். கோயம்புத்தூர் என்றால் மோட்டார், கிரைண்டர். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி என்றால் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. ஒரே தொழிலைச் செய்யும் பல பட்டறைகளும், அதற்குத் துணையான தொழில்களும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்து இருப்பதை அதிகாரிகள் ‘கிளஸ்டர்’ என்பார்கள். தமிழில் ‘தொழில் தொகுப்பு’ என்று சொல்லலாம்.

இப்படி ஏன் ஒரே இடத்தில் கூடுகிறார்கள்? கூடினால் என்ன பலன்? அதில் நமக்கு என்ன பாடம்?

உற்பத்தித்திறன் என்றால் என்ன?

முதலில் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வோம். அதே ஆள், அதே மிஷின், அதே நேரம். இதில் எவ்வளவு பொருள் வெளியே வருகிறது என்பதுதான் உற்பத்தித்திறன். கூடுதல் நேரம் கண் விழித்து, முதுகு ஒடிய வேலை பார்த்து அதிகம் செய்வது உற்பத்தித்திறன் ஆகாது. அது உடம்பை விற்பது. எட்டு மணி நேரத்தில் வீணாகிற நேரத்தைக் குறைத்து, அதே எட்டு மணி நேரத்தில் அதிகம் செய்வதுதான் உற்பத்தித்திறன்.

ஒரு தையல் மிஷின் ஒரு நாளில் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நூல் தீர்ந்துபோய் நிற்கும். பாபின் கேஸ் கெட்டு நிற்கும். ஆர்டர் இல்லாமல் நிற்கும். மிஷின் நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்காது.

திருப்பூரைப் பார்ப்போம்

திருப்பூர் பருத்தி விளையும் கொங்கு நாட்டில் இருக்கிறது. ரயில் வசதியும் உண்டு. 1920-களில் அங்கே பனியன் கம்பெனிகள் தொடங்கின. அரை நூற்றாண்டு காலம் நம் நாட்டு ஆட்கள் போடும் பனியன், ஜட்டிதான் பெரும்பாலும் அங்கே தயாரானது. 1970-களின் கடைசியில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆரம்பித்து, 1980-களில் வேகம் பிடித்தது. 1990-ல் ஏற்றுமதியாளர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானது. இந்தியாவிலிருந்து போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு டி-சர்ட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கூரையின் கீழ் செய்கிற கம்பெனிகள் அங்கே குறைவு. நூல் ஒரு இடத்திலிருந்து வரும். நிட்டிங் பண்ணித் துணியாக்குவது ஒருவர். சாயம் போடுவது இன்னொருவர். துணியைக் காயவைத்துச் சுருக்கம் எடுப்பது வேறொருவர். கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி பட்டறை. எலாஸ்டிக், லேபிள், பட்டன், பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி செய்கிறவர்களும் அதே ஊர்தான். வெட்டிப்போட்ட துணியைக்கூட வீணாக்குவதில்லை. பனியன் வேஸ்ட் என்று அதை வாங்கி, தரம் பிரித்து விற்பதே ஒரு பெரிய தொழில்.

ஆர்டர் எடுப்பது ஒரு கம்பெனி. அந்த ஆர்டர் பல பட்டறைகளுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இதைத்தான் அங்கே ‘ஜாப் ஒர்க்’ என்கிறார்கள். ஊரே ஒரு பெரிய ஃபேக்டரி மாதிரி. தெருக்கள்தான் அதன் வராந்தா.

கூடி இருந்தால் ஏன் அதிகம் உற்பத்தி ஆகிறது?

இங்கிலாந்தில் ஆல்பிரட் மார்ஷல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1890-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை ஆராய்ந்தார். கத்தி செய்யும் ஊர், நூல் நூற்கும் ஊர் என்று அந்த நாட்டிலும் தொழில்கள் கூடி இருந்தன. அவர் சொன்ன காரணங்களை மூன்றாகச் சொல்லலாம். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் திருப்பூருக்கு அவை அப்படியே பொருந்துகின்றன.

1. வேலை தெரிந்த ஆட்கள் அங்கேயே கிடைப்பார்கள்.

ஓவர்லாக் அடிக்கத் தெரிந்த டெய்லர் வேண்டுமென்றால் முதலாளி வெளியூருக்கு அலைய வேண்டாம். வேலை வேண்டுமென்றால் டெய்லரும் அலைய வேண்டாம். ஒரு கம்பெனியில் வேலை இல்லை என்றால் அடுத்த தெருவில் இருக்கும். ஒருவர் கைதான் மடிப்பார், இன்னொருவர் கழுத்துப்பட்டிதான் வைப்பார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை வேகம் வரும், தப்பும் குறையும். தனியாக ஒரு கிராமத்தில் ஒரே கம்பெனி இருந்தால், அங்கே வேலை போனால் அத்தோடு போச்சு. அந்தக் கம்பெனிக்கும் நாலு டெய்லர் நின்றுவிட்டால் ஆர்டர் போச்சு.

2. மூலப்பொருளும் ரிப்பேரும் பக்கத்திலேயே இருக்கும்.

ஊசி முதல் மோட்டார் வரை சைக்கிள் தூரத்தில் கிடைக்கும். மெக்கானிக் கூப்பிட்டால் அன்றைக்கே வருவார். ஏன் வருகிறார்? ஒரு மிஷினை நம்பி ஒரு மெக்கானிக் பிழைக்க முடியாது. ஆயிரம் மிஷின் இருக்கும் ஊரில்தான் அவருக்குத் தினமும் வேலை.

பெரிய மிஷினுக்கும் இதே கணக்குத்தான். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் லட்சக்கணக்கில் விலை. சின்னக் கம்பெனி அதை வாங்கினால் மாதத்தில் நாலு நாள் ஓடும், மீதி நாள் தூங்கும். ஆனால் ஒருவர் வாங்கி வைத்து முப்பது கம்பெனிக்கு ஓட்டிக் கொடுத்தால் மிஷின் தூங்கவே தூங்காது. சின்னக் கம்பெனிக்கும் முதல் போடாமலே அந்த வேலை நடந்துவிடும்.

3. தொழில் நுணுக்கம் காதுவழியாகப் பரவும்.

டீக்கடையில் பேசுவது, பஸ்ஸில் பேசுவது, அக்கா வீட்டு விசேஷத்தில் பேசுவது எல்லாம் அங்கே தொழில் பேச்சுதான். எந்த நூல் கழுவினால் சுருங்குது, எந்தப் பார்ட்டி பணம் இழுத்தடிக்கிறான், புதுசா என்ன மிஷின் வந்திருக்கு என்று யாரும் பாடம் எடுக்காமலே தெரிந்துவிடும். ஒருவர் புது முறையில் லாபம் பார்த்தால் ஆறு மாதத்தில் நாலு பேர் கற்றுக்கொள்வார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் அதை இன்னும் நன்றாகச் செய்வார்.

ஒரு கணக்குப் போடுவோம்

புரிவதற்காக நாமே போட்டுப் பார்க்கும் கணக்கு இது. இரண்டு சகோதரிகள். இருவருக்கும் ஒரே மாதிரி மிஷின், ஒரே திறமை. இருவரும் உள்பாவாடை தைக்கிறார்கள். மாதத்துக்கு 26 வேலை நாள். கடன் தவணை 2,000 ரூபாய்.

முதல் சகோதரி இருக்கும் ஊரில் வேறு யாருக்கும் இந்தத் தொழில் இல்லை. துணி, நூல் வாங்க டவுனுக்குப் போக 3 நாள். ரிப்பேருக்குக் காத்திருந்தது 3 நாள். ஆர்டர் இல்லாதது 4 நாள். மீதி 16 நாள். வெட்டுவது, தைப்பது, நாடா கோர்ப்பது எல்லாம் அவரே. ஒரு நாளைக்கு 10 வீதம் 160 பாவாடை. செலவு போக ஒன்றுக்கு 20 ரூபாய் என்றால் 3,200 ரூபாய். தவணை போக 1,200 ரூபாய்.

இரண்டாம் சகோதரி தொழில் கூடியிருக்கும் இடத்தில் இருக்கிறார். ரிப்பேருக்கு 1 நாள், ஆர்டர் இல்லாதது 1 நாள். மீதி 24 நாள். வெட்டிய துணி வீட்டுக்கே வருகிறது. தையல் மட்டும்தான். ஒரு நாளைக்கு 15 வீதம் 360 பாவாடை. ஒரு வேலை மட்டும் செய்வதால் ஒன்றுக்கு 12 ரூபாய்தான். ஆனாலும் 4,320 ரூபாய். தவணை போக 2,320 ரூபாய்.

கை அதே கை, மிஷின் அதே மிஷின். இடம்தான் வேறு.

கணக்கை இதோடு விட்டுவிடக் கூடாது. அதே இரண்டாம் சகோதரிக்கு பீஸ் ரேட்டை 12-லிருந்து 8 ஆக இறக்கினால் என்ன ஆகும்? 360 பாவாடைக்கு 2,880 ரூபாய். தவணை போக 880 ரூபாய். இரண்டு மடங்குக்கு மேல் தைத்தும் முதல் சகோதரியை விடக் குறைவு. அப்படியானால் கூடிய உற்பத்தியின் பலன் எங்கே போனது? வேலை கொடுத்தவர் கைக்குப் போனது. ஆக, உற்பத்தித்திறன் கூடுவது ஒன்று. அதில் நம் பங்கு நம் கைக்கு வருவது வேறு ஒன்று. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"ஒரே தொழில்னா போட்டி வராதா?"

வரும். நல்ல கேள்விதான். ஆனால் திருவிழாவில் பாருங்கள், வளையல் கடைகள் எல்லாம் ஏன் ஒரே வரிசையில் போடுகிறார்கள்? வளையல் வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் அந்த வரிசைக்குத்தான் வருவார்கள். தனியாக ஒரு மூலையில் போட்ட கடைக்குப் போட்டியும் இல்லை, வியாபாரமும் இல்லை. திருப்பூருக்கு வியாபாரிகள் வருவதும் அப்படித்தான். ஒருவரிடம் இல்லாதது அடுத்தவரிடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. பெரிய ஆர்டர் வந்து ஒருவரால் முடியாமல் போனால் பக்கத்துக் கம்பெனிக்குக் கொஞ்சம் தள்ளிவிடுவார். இன்றைக்குப் போட்டியாளர், நாளைக்குப் பங்காளி.

ஒரு தொழில் இன்னொரு தொழிலைப் பெறும்

இதற்கு சிவகாசி நல்ல உதாரணம். மழை குறைந்த பூமி. விவசாயத்தை நம்ப முடியாத ஊர். அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922-ல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டும். அதற்காக அச்சகம் வந்தது. மருந்துக் கலவை தெரிந்த கைகள் இருந்ததால் பட்டாசு வந்தது. பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வேண்டும். அச்சகம் இன்னும் வளர்ந்தது. அச்சு மிஷின் சும்மா நிற்கக் கூடாதே என்று காலண்டர், டைரி, நோட்டு என்று போய், அச்சுத் தொழிலே ஒரு தனிப் பெரிய தொழிலாகிவிட்டது.

முதல் தொழிலுக்குத் துணையாக வந்ததுதான் அச்சுத் தொழில். பிறகு அது தன் காலிலேயே நின்றது. துணைத்தொழில் என்றால் மட்டமான தொழில் என்று நினைக்க வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு

தொழில் கூடினால் நல்லது மட்டும் கூடுவதில்லை. கெட்டதும் கூடும். மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

கழிவு: ஒரு சாயப்பட்டறை ஊரில் இருந்தால் ஆறு தாங்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் தாங்காது. திருப்பூர் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. விவசாயத்துக்காகக் கட்டி 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் உப்பும் சாயமும் தேங்கியது. கீழே இருந்த ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டன. வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது ஊரே தள்ளாடியது. ஒரு கண்ணி அறுந்தால் நிட்டிங்கும் நிற்கும், தையலும் நிற்கும், பிசிறு வெட்டும் அக்காவுக்கும் வேலை நிற்கும். பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் நிபந்தனையோடு பட்டறைகள் திறந்தன. செலவு கூடியது. இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. தனி ஒரு பட்டறையால் அவ்வளவு பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. கூடி இருந்ததால் வந்த கேட்டுக்கு, கூடி இருந்ததால்தான் மருந்தும் போட முடிந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் விவசாயி நிலம் பிழைத்திருக்கும்.

ஒரே கூடை: எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருந்தால் கூடை விழும்போது எல்லாம் உடையும். 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வேலை நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது அந்த நாட்டு ஆர்டரை நம்பிய கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கலங்கின. அதனால் வீட்டு வருமானம் முழுவதையும் ஒரே தொழிலில் வைக்காமல் ஒரு கறவை மாடோ, நாலு ஆடோ வைத்திருப்பது நல்லது.

கூலி: ஆட்கள் கூடி இருப்பதால் கூலியைப் பேசும் பலமும் கூடும். 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் அங்கே முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆனால் வீட்டில் இருந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் பெண்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருவதில்லை. தனித்தனியாக வேலை வாங்கினால் ஏஜென்ட் சொன்னதுதான் ரேட். பத்துப் பேர் சேர்ந்து ‘இந்த ரேட்டுக்குக் குறைந்து எடுக்க மாட்டோம்’ என்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

நமக்கு என்ன பாடம்?

ஒரு பயிற்சி நடந்தது என்பதற்காக ஒரே ஒன்றியத்தில் நாற்பது குழு ஊறுகாய் போட ஆரம்பித்தால் அது தொழில் தொகுப்பு ஆகாது. நாற்பது பேரும் அதே கடையில் சில்லறைக்கு எண்ணெய் வாங்கி, அதே பாட்டிலில் அடைத்து, அதே சந்தையில் நின்றால் போட்டி மட்டும்தான் மிஞ்சும். கூடி இருப்பதால் பலன் வருவதில்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதாலும், பொருளைச் சேர்ந்து வாங்குவதாலும், மிஷினைப் பொதுவில் வைத்து ஓட்டுவதாலும்தான் பலன் வருகிறது.

அதனால் கடன் மனு எழுதும் முன்:

• நம் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில் எந்தத் தொழில் கூடி இருக்கிறது என்று பாருங்கள். அதற்குத் துணையாக நாம் செய்யக்கூடியது என்ன?

• எல்லாரும் செய்யும் வேலையை விட்டு, அங்கே ஆள் கிடைக்காமல் தவிக்கிற வேலை எது என்று விசாரியுங்கள். சில இடத்தில் தையலுக்கு ஆள் இருக்கும், காஜா அடிக்க ஆள் இருக்காது.

• மிஷின் வாங்கும் முன் மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ஒரே ஒரு பெண்ணுக்காவது மிஷின் ரிப்பேர் பயிற்சி கொடுங்கள். அவர் பத்துக் குழுவின் நேரத்தை மிச்சப்படுத்துவார்.

• மூலப்பொருளைக் கூட்டமைப்பு மூலம் மொத்தமாக வாங்குங்கள். பில்லைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

• விலை அதிகமுள்ள மிஷினை ஒவ்வொரு குழுவும் வாங்க வேண்டாம். ஒன்றை வாங்கி முறை வைத்து ஓட்டலாம். இதைத்தான் ‘பொது வசதி மையம்’ என்கிறார்கள். தொழில் தொகுப்புகளுக்கு இப்படி மையம் அமைக்க அரசுத் திட்டங்கள் உண்டு. நமக்குப் பொருந்துகிற திட்டம் எது, நிபந்தனை என்ன என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

• பீஸ் ரேட்டை நோட்டில் எழுதி வையுங்கள். யார் யாருக்கு என்ன ரேட் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

• கழிவு எங்கே போகும் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கீழே உள்ள கேள்விகளைக் கேட்கவும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களையும் பேச வைக்கவும்.

1. நம் குழுவில் தொழில் செய்கிறவர்களின் மிஷின் போன மாதம் எத்தனை நாள் சும்மா நின்றது? ஏன்?

2. நாம் தனித்தனியாக வாங்கும் பொருளில் எதைச் சேர்ந்து வாங்கலாம்? அதனால் எத்தனை பஸ் செலவு, எத்தனை நாள் மிச்சமாகும்?

3. பக்கத்து ஊர்க் குழுவுக்கும் நமக்கும் பீஸ் ரேட்டில் வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால் யார் போய்ப் பேசுவது?

4. நம் பக்கத்தில் கூடியிருக்கும் தொழில் ஆறு மாதம் படுத்துவிட்டால் நம் வீட்டுக்கு வேறு என்ன வருமானம் இருக்கிறது?

வந்த பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டு வாருங்கள். நாலு ஊர்ப் பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஊரில் எந்த வேலையை வைக்கலாம், எந்த மிஷினைப் பொதுவில் வாங்கலாம் என்பதை அங்கேயே பேசி முடிவு செய்யலாம்.